கெய்ரோவில் ஒரு நாள் மாணவன்

பதுளையில் இருபது வருடங்களாக அரபு கற்பிக்கும் எனக்கு, கெய்ரோ மாநகரை ஒரு நாளாவது பார்த்துவிட வேண்டும் என்பது நெடுநாளைய ஆசை. உம்ராவை முடித்துத் திரும்பும் வழியில் அல்லாஹ் அதை நிறைவேற்றித் தந்தான். எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். வழிகாட்டியாக ஓர் எகிப்திய இளைஞர் வந்தார்.

"ஹஸ்ரத் இருக்கும்போது நமக்கென்ன கவலை!" என்று எல்லோரும் என்னை வேனின் முன் ஆசனத்தில் அமர்த்திவிட்டார்கள். நானும் பத்ஹு, கஸ்ரு, ளம்மு பிசகாமல் சாரதியிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் விழித்தார். "ஆயிஸ் ஏ?" என்றார். என்ன வேண்டும் என்று கேட்கிறாராம்! அங்கே ஜீமைக் 'க' என்கிறார்கள். காஃபைப் பாதி விழுங்கிவிடுகிறார்கள். வழிகாட்டி சிரித்தபடி, "உஸ்தாத், உங்கள் அரபு அழகானது. ஆனால் இங்கே செய்தி வாசிப்பவர்கள்தாம் இப்படிப் பேசுவார்கள்" என்றார். ஆசிரியர் என்ற என் பெருமை அந்த இடத்திலேயே கொஞ்சம் இறங்கிவிட்டது.

காலையில் ஆற்றுக்கு அக்கரையில் ஜீஸா பிரமிடுகள். நாலாயிரத்து ஐந்நூறு வருடக் கற்கள். கட்டிய மன்னர்கள் எங்கே? பிறகு நகருக்குள் ஆப்தீன் மாளிகை. 1881 இல் ஒராபி பாஷா படையோடு வந்து மன்னரிடம் உரிமை கேட்ட இடம். நாங்கள் இலங்கையர் என்றதும் வழிகாட்டி, "ஸரன்தீப்!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆங்கிலேயர் ஒராபியை நாடு கடத்தியது நம் நாட்டுக்குத்தான். 1883 முதல் 1901 வரை கொழும்பிலும் கண்டியிலும் வாழ்ந்த அவர், நம் பிள்ளைகளின் கல்விக்காகச் சித்திலெப்பை போன்றோருக்குத் துணை நின்றார்.

ஸலாஹுத்தீன் ஐயூபியின் கோட்டையையும், 972 இல் முதல் தொழுகை நடந்த அல்அஸ்ஹர் பள்ளிவாசலையும் பார்த்தோம். அடுத்தது கடைவீதி என்றார் வழிகாட்டி. எனக்கு மனம் கேட்கவில்லை. "எங்கள் இமாமைப் பார்க்காமல் எப்படிப் போவது?" என்றேன். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் அடக்கத்தலம் அவருடைய பட்டியலில் இல்லை. ஆயினும் முகம் சுளிக்காமல் வேனைத் திருப்பச் சொன்னார்.

பழைய மையவாடிகளுக்கு நடுவே அந்தக் குப்பா நிற்கிறது. 1211 இல் கட்டப்பட்டது. உச்சியில் ஒரு சிறு தோணி. பறவைகளுக்குத் தானியம் இடுவதற்காக என்று சொல்வார்கள். ஸலாம் சொல்லி நின்றபோது என் மாணவன் ஒருவன் நினைவுக்கு வந்தான்.

ஹாலிஎலப் பக்கத்துப் பிள்ளை. "ஹஸ்ரத், நம் இமாம் ஈராக்கில் சொன்ன சட்டங்களை எகிப்துக்கு வந்ததும் ஏன் மாற்றினார்? முதலில் சொன்னது பிழையா?" என்று ஒரு நாள் கேட்டான். "கிதாபில் உள்ளதை ஓது!" என்று அதட்டிவிட்டேன். அதன் பிறகு அவன் எதுவுமே கேட்டதில்லை.

ஹிஜ்ரி 150 இல் காஸாவில் பிறந்து, மக்கா, மதீனா, பக்தாத் என்று கல்வி தேடி அலைந்த இமாம், வாழ்வின் கடைசி ஐந்தாறு வருடங்களை இந்த மண்ணில் கழித்தார்கள். புகழின் உச்சியில் இருந்தவர்கள் புதிய ஆதாரங்களைக் கேட்டார்கள், புதிய மக்களைக் கண்டார்கள். தம் பழைய கருத்துகள் பலவற்றைத் தாமே திருத்தினார்கள். கதீம், ஜதீத் என்று நான் வருடந்தோறும் ஓதிக்கொடுப்பது இதைத்தான். ஹிஜ்ரி 204 இல் வஃபாத்தானபோது வயது ஐம்பத்து நான்கு. என்னைவிடச் சில வருடங்களே மூத்தவர்கள்! நானோ ஒரு சிறுவனின் கேள்விக்கே அஞ்சினேன்.

ஊர் திரும்பிய முதல் பாடத்தில் அந்த மாணவனை எழுப்பினேன். "அன்று நான் அதட்டியது தவறு" என்று சொல்லிவிட்டு, விளக்கம் சொன்னேன். வகுப்பே மௌனமாயிற்று. அவன் சற்றுத் தயங்கி, "கதீமில் இன்றும் எடுத்துக்கொள்ளப்படும் சட்டங்கள் உண்டா, ஹஸ்ரத்?" என்றான்.

"சில உண்டு மகன். எவை எவை என்று நாளைக்குக் கிதாபைப் பார்த்துச் சொல்கிறேன்" என்றேன்.

கேட்கும் பிள்ளைகளையும், திருத்திக்கொள்ளும் ஆசிரியர்களையும் அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.