இரண்டாவது காப்பாளர்



திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டில் பின்னேரமானால் தொலைக்காட்சி மருமகனுக்குத்தான். அவரோடு இருந்து பார்த்துப் பார்த்தே எனக்கும் துடுப்பாட்டம் பிடிபட்டுவிட்டது. எல்லோரும் அடிப்பவரைப் பார்ப்பார்கள். நான் விக்கெட்டுக்குப் பின்னால் குந்தியிருக்கும் காப்பாளரைப் பார்ப்பேன். டெஸ்ட் ஆட்டத்தில் ஒரு நாளைக்கு 90 ஓவர், அதாவது 540 பந்துகள். நாள் முழுக்கக் களத்தில் நின்றால் அத்தனை தரம் அவர் குந்தி எழும்ப வேண்டும். எங்கள் வீட்டு வேலை மாதிரித்தான். ஒழுங்காகச் செய்தால் யார் கண்ணிலும் படாது, ஒன்றைத் தவறவிட்டால் ஊரே பேசும்.

அணியில் பந்து வீச நாலைந்து பேருக்கு இடம் உண்டு. காப்பாளருக்கோ ஒரேயோர் இடம். இரண்டாவது காப்பாளர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பெரும்பாலும் வெளியேதான். தண்ணீர்ப் போத்தல் கொண்டு ஓடுவதும் பயிற்சியில் பந்து பிடித்துக் கொடுப்பதும் அவர் வேலை.

சென்னையைச் சேர்ந்த தினேஷ் கார்த்திக்கின் கதை இதுதான். 2004 நவம்பரில், 19 வயதில், மும்பையில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆடினார். அடுத்த வருடம் டிசம்பரில் இலங்கை அணி சென்னைக்குப் போனபோது, அவருடைய சொந்த ஊரிலேயே அவருடைய இடத்தில் மகேந்திர சிங் தோனி இறங்கினார். தோனி ஆடியது 90 டெஸ்ட். கார்த்திக்குக் கிடைத்தது 26.

இதை அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன். தோனி அவரைவிடத் திறமைசாலி. ஆனால் கார்த்திக் சும்மா இருக்கவில்லை. காப்பாளர் இடம் இல்லையென்றானபின் 2007 இல் இங்கிலாந்தில் ஆரம்பத் துடுப்பாட்டக்காரராக இறங்கி, அந்த டெஸ்ட் தொடரில் இந்தியாவுக்காக ஆகக்கூடிய ஓட்டங்களாக 263 எடுத்தார். பிறகு 2010 ஜனவரி தொடக்கம் 2018 ஜூன் வரை ஒரு டெஸ்ட் கூட இல்லை.

அந்த இடைவெளியின் கடைசியில்தான் எங்கள் கொழும்பில் அந்த இரவு வந்தது. 2018 மார்ச் 18, சுதந்திரக் கிண்ண இறுதியாட்டம். பங்களாதேஷை வெல்ல 12 பந்துகளில் 34 ஓட்டம் வேண்டும் என்ற நிலையில் ஏழாவதாக இறங்கினார். முதல் பந்தே ஆறு. கடைசிப் பந்துக்கு ஐந்து ஓட்டம் தேவை. அதையும் ஆறாக்கினார். 8 பந்துகளில் 29. எட்டுப் பந்துக்காகப் பதினான்கு வருடப் பயிற்சி!

என் பேத்தி பாடசாலை வலைப்பந்தாட்ட அணியில் மேலதிக ஆட்டக்காரி. போன தவணை ஒருநாள், "அம்மம்மா, நான் இனிப் பயிற்சிக்குப் போகேல்ல. வாங்கில இருத்தத்தானே கூப்பிடுகினம்" என்றாள்.

"வாங்கில இருந்து என்ன பார்த்தனி?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "மற்றப் பக்கத்துக் கோல் போடுற பிள்ளை எப்பவும் இடப்பக்கம்தான் திரும்பிறாள்" என்றாள்.

"இதை ரீச்சரிட்டச் சொன்னனியே?"

சொல்லவில்லையாம். அடுத்த நாள் போய்ச் சொன்னாள். இப்போதும் அவள் மேலதிக ஆட்டக்காரிதான், ஆனால் பயிற்சிக்குப் போகிறாள்.

யுத்த காலத்தில் நானும் தொண்டர் ஆசிரியையாக இருந்தவள். நிரந்தர ஆசிரியர் வரமுடியாத நாளில் எந்த வகுப்பென்றாலும் போய் நிற்பேன், சம்பளம் இல்லாமல். நியமனம் கிடைக்கப் பல வருடம் சென்றது. கணக்கு, சமயம், சங்கீதம் எல்லாம் அப்படிப் படிப்பித்துத்தான் நானே படித்தேன்.

காத்திருப்பைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. காணாமற்போனவருக்காகக் காத்திருப்பது வேறு. அதற்கு ஆயத்தம் செய்ய ஒன்றுமில்லை. அதை விளையாட்டோடு ஒப்பிட எனக்கு மனமில்லை. நான் சொல்வது கைக்கு வேலை இருக்கிற காத்திருப்பை.

வெளியே இருந்தவர் முழு ஆட்டத்தையும் பார்த்திருப்பார். அமெரிக்காவின் பேஸ்போல் ஆட்டத்திலும் பந்து பிடிப்பவர்கள் பலர் பின்னாளில் பயிற்றுநராகிறார்கள். புரூஸ் போச்சி என்பவர் பெரும்பாலும் மேலதிகப் பிடிப்பாளராகவே ஆடியவர். பின்னர் அணி நடத்தி நான்கு முறை அந்நாட்டின் பெரிய கிண்ணத்தை வென்றார்.

கார்த்திக் 2024 ஜூனில் ஓய்வு பெற்றார். அடுத்த மாதமே பெங்களூர் அணிக்குத் துடுப்பாட்டப் பயிற்றுநரானார். அங்கே அவர் பயிற்றியவர்களில் ஒருவர் ஜிதேஷ் சர்மா. அவரும் காப்பாளர், இந்திய அணியில் அநேகமாக வெளியே இருந்தவர். 2025 மே 27 அன்று லக்னோ அணிக்கு எதிராக 228 ஓட்ட இலக்கைத் துரத்தியபோது ஜிதேஷ் 33 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 85 எடுத்தார். ஒரு வாரம் கழித்து, ஜூன் 3 ஆம் திகதி, பதினெட்டாவது வருடத்தில் பெங்களூர் முதன்முறையாகக் கிண்ணத்தை வென்றது.