தலைமுடியும் தாளும்

பீட்டில்ஸின் ஆரம்ப காலப் படம் என்று யாராவது எதையாவது நீட்டினால், நான் முதலில் பார்ப்பது தலைமுடியை. 1960 ஆகஸ்டில் லிவர்பூலிலிருந்து ஹாம்பர்க் போய் இறங்கிய ஐந்து பையன்களுமே எண்ணெய் தடவி மேலே தூக்கி வாரியவர்கள். நெற்றியில் முடியை இறக்கிவிட்ட முதல் ஆள் ஸ்டூவர்ட் சட்கிளிஃப். வெட்டிவிட்டவர் அவருடைய காதலி ஆஸ்ட்ரிட் கிர்ஷெர். ஜானும் பாலும் 1961 அக்டோபரில் பாரிஸுக்குப் போனபோது ஹாம்பர்க் நண்பர் யூர்கன் வோல்மர் கையால் அந்தக் கிராப்புக்கு மாறினார்கள். டிரம் வாசித்த பீட் பெஸ்ட் கடைசிவரை மாறவே இல்லை. ஆகவே, ஜானின் நெற்றியில் முடி புரளும் படத்தைக் காட்டி '1960, ஹாம்பர்க்' என்று ஒருவர் விலை சொன்னால், டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.

அடுத்தது கிதார். ஜான் ஹாம்பர்க்கில் வாங்கிய ரிக்கன்பேக்கர் மர நிறத்தில் இருந்தது. 1962இல்தான் அதற்குக் கறுப்பு அடித்தார். பால் வயலின் வடிவ ஹாஃப்னரைத் தோளில் மாட்டியது 1961இல், ஸ்டூவர்ட் ஓவியம் படிக்க ஒதுங்கிய சமயம். டிரம்மின் முகப்பில் 'டி' எழுத்தின் கால் நீண்டு தொங்கினால் 1963க்கு வந்துவிட்டோம். அப்போது டிரம்முக்குப் பின்னால் பீட் பெஸ்டுக்குப் பதில் ரிங்கோ இருப்பார்.

இவ்வளவும் படம் எப்போது எடுக்கப்பட்டது என்பதற்கு. கையில் இருக்கும் தாள் எப்போது பிறந்தது என்பது வேறு விசாரணை, பணம் போவதும் அதில்தான். ஹாம்பர்க் பொருட்காட்சி மைதானத்தில் ஆஸ்ட்ரிட் அவர்களை நிற்க வைத்து எடுத்த படங்கள் உலகப் புகழ் பெற்றவை. அந்த நெகட்டிவ்களிலிருந்து பல பத்தாண்டுகள் கழித்தும் பிரிண்டுகள் போடப்பட்டன. பின்னால் போட்ட பிரிண்ட் போலி அல்ல. ஆனால் விலை வேறு. பிரிண்டை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடிப்பேன். பழைய தாளாக இருந்தால் கறுப்பு அடர்ந்த ஓரங்களில் சில சமயம் நீலம் கலந்த வெள்ளிப் பூச்சு மினுங்கும். அந்தக் காலத் தாள் வெயிலில் காய்ந்த அப்பளம்போல் கொஞ்சம் வளைந்தே இருக்கும். பிளாஸ்டிக் பூச்சுத் தாள் பரவலானது 1970களில். அது மட்டமாகக் கிடக்கும், பின்பக்கம் வழவழக்கும். புற ஊதா விளக்கைப் பெரிதாக நம்புவதில்லை. தாள் பளிச்சென்று ஒளிராவிட்டால் நல்ல சகுனம்தான். ஆனால் ஒளிரவைக்கும் பொருளை 1950களிலேயே தாளில் கலக்கத் தொடங்கிவிட்டார்கள். பின்பக்கத்து முத்திரையும் பென்சில் குறிப்பும் அதைவிட அதிகம் பேசும். சிலர் பின்பக்கத்தை மறைத்துச் சட்டம் போட்டு விற்பார்கள். கழற்றிக் காட்டச் சம்மதிக்காதவரிடம் நான் வாங்குவதில்லை.

கையெழுத்துப் பக்கம் போகவே மாட்டேன். 1963இல் ரசிகர் கூட்டம் பெருகியபோது உதவியாளர்கள் நீல் ஆஸ்பினாலும் மால் எவன்ஸும் நால்வருக்குமாகச் சேர்த்துப் போட்டுக் கொடுத்தது ஊரறிந்த கதை. அதுவும் அந்தக் காலத்துத் தாள், அந்தக் காலத்துப் பேனா. எந்த விளக்கு என்ன செய்யும்?

எனக்குப் பிடித்தது அவர்கள் பெயர் இன்னும் பெரிதாகாத நாட்களின் காகிதம். 1961 ஜூலையில் பில் ஹாரி தொடங்கிய 'மெர்சி பீட்' பத்திரிகையின் முதல் இதழில், குழு பிறந்த கதையை ஜான் கிண்டலாக எழுதியிருப்பார். 1962 அக்டோபர் 12 அன்று நியூ பிரைட்டன் டவர் பால்ரூமில் நடந்த கச்சேரியில் தலைமை நட்சத்திரம் லிட்டில் ரிச்சர்ட். பீட்டில்ஸ் அவருக்கு அடுத்துதான். 'லவ் மீ டூ' வெளிவந்து சரியாக ஒரு வாரம் ஆன சமயம். இப்படிப்பட்ட கச்சேரிகளின் நோட்டீஸ்களை மறுநாளே கசக்கி எறிந்திருப்பார்கள், அதனால்தான் அசலுக்கு இந்த விலை. மறுபதிப்புகளோ வண்டி வண்டியாகக் கிடைக்கின்றன. பூதக்கண்ணாடி வைத்தால் கெட்டியான எழுத்துக்குள் புள்ளிகள் தெரியும். மடிப்புக் கோட்டின்மேல் விரலை ஓட்டினால் எதுவும் தட்டுப்படாது. மடிப்பும் சேர்ந்தே அச்சாகியிருக்கும்.