கேணிக்கரை

எமது சிற்றூரிற் பூங்கா என்று பெயர் சொல்ல எதுவும் இருந்ததில்லை. யாழ்ப்பாண நகரின் சுப்பிரமணியம் பூங்காவைப் பற்றிப் பெரியோர் பேசக் கேட்டதுண்டு, அவ்வளவே. கோயில் வீதி மணலிற் கிளித்தட்டு மறித்தோம். அறுவடை முடிந்த வயலில் விண் பூட்டிய பட்டம் ஏற்றினோம். சனிக்கிழமைகளில் ஐயா எனக்கு எண்ணெய் தேய்த்து, மிதிவண்டியில் ஏற்றிக் கீரிமலைக்கு அழைத்துச் செல்வார்.

ஒருபுறம் உவர்க்கடல்; மதிலுக்கு இப்பால் நன்னீர்க் கேணி. இவ்விந்தைக்குக் காரணம் சுண்ணாம்புக்கல். வற்றாத ஆறொன்றும் இல்லாத குடாநாட்டில், மழைநீர் அக்கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, நிலத்தடியே ஓடிக் கரையோரம் ஊற்றாய்ச் சுரக்கின்றது. இதனை ஐயா நீருள் நின்றவாறே விளக்குவார். விளக்கியபடியே, என்னைத் தாங்கிய கையை மெல்ல எடுத்துவிடுவார். அவ்வாறே நீந்தப் பழகினேன்.

1990இல் போர் வலிகாமம் வடக்கு மக்களை இடம்பெயர்த்தது. கேணி எமக்கு எட்டாததாயிற்று. அந்நீரை மீண்டும் காணாமலே ஐயா பிறவூரிற் கண்மூடினார்.

பாதை திறந்தபின் ஓர் ஆடி அமாவாசையன்று, தந்தையை இழந்தோர் கூட்டத்தில் ஒருவனாய் அங்கு சென்றேன். பிதிர்க்கடன் முடித்துக் கடலில் தோய்ந்து, கேணிப் படிக்கு வந்தபோது, சிறுவர் சிலர் ஆரவாரத்துடன் நீரிற் குதித்தனர். முதியவர் ஒருவர் அதட்டினார். எனக்கோ அவர்களைத் தடுக்க மனம் வரவில்லை. அருகே அஞ்சி நின்ற என் மகனை நீருள் இறக்கி, அவன் வயிற்றின்கீழ்க் கை கொடுத்தேன். பிதிர்க்கடன் தீர்க்க வருவோரின் நீரே பிள்ளைகளின் விளையாட்டுக்கும் உரியது. ஐயாவும் அதனையே விரும்பியிருப்பார்.