கொஞ்சம் என்றால் எவ்வளவு?

சென்ற மாதம் ஒரு பிற்பகலில், இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் எங்கள் தமிழ்த்துறை அறை வாசலில் தயங்கி நின்றான். கையில் ஓர் ஆங்கிலக் கடிதம். கல்விக் கட்டணத்திற்கு உதவி வேண்டி ஓர் அறக்கட்டளைக்கு அனுப்பவேண்டியது. ஆங்கிலத்துறையில் காட்டியிருக்கலாமே என்றேன். "அங்க கேக்கக் கூச்சமா இருக்குங்க ஐயா" என்றான். ஆங்கிலப் பிழை திருத்தத் தமிழாசிரியனிடம் வருவதில் உள்ள வேடிக்கையை அவன் உணர்ந்ததாகத் தெரியவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. கடிதத்தின் மூன்றாம் வரியிலேயே என் கண்கள் நின்றுவிட்டன.

'மை ஃபாதர் ஹாஸ் எ லிட்டில் மணி ஃபார் மை ஸ்டடீஸ்.'

இந்த வாக்கியத்தோடு எனக்குப் பழைய பகை உண்டு. 2001ஆம் ஆண்டு, தமிழ் முதுகலையில் சேர்வதற்கு முன், ஏறக்குறைய இதே சொற்களில் நானும் ஒரு கடிதம் எழுதினேன்.

கும்பகோணத்துக்கு அருகே ஒரு சிற்றூரில் என் தந்தையார் சிறு மளிகைக் கடை வைத்திருந்தார். பள்ளி விட்டு வந்ததும் கல்லாவுக்குப் பக்கத்தில் அமர்ந்து பொட்டலம் மடிப்பது என் வேலை. அங்கே எடையைச் சொல்லிப் பொருள் கேட்டவர்கள் குறைவு. "அண்ணே, நாலு பேர் சாம்பாருக்குப் பருப்பு குடுங்க" என்பார்கள். "ரெண்டு ரூபாய்க்குச் சீரகம்" என்பார்கள். "பிள்ளைக்குக் கஞ்சிக்கு நொய்யரிசி" என்பார்கள். எத்தனை கிராம் என்பதை அப்பாவின் கைதான் தீர்மானிக்கும். தராசில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

பின்னாளில் நன்னூலில் நான்காம் வேற்றுமை பாடம் கேட்டபோது இந்தக் குரல்களெல்லாம் நினைவுக்கு வந்தன. கொடை, பகை, நட்பு, தகுதி, பொருட்டு என்று 'கு' உருபுக்குப் பல பொருள்களைப் பவணந்தியார் அடுக்குகிறார். கடைக்கு வந்த பெண்கள் அந்த ஒரே உருபை வைத்துக்கொண்டு இரண்டு காரியம் செய்தார்கள். 'இரண்டு ரூபாய்க்குப் புளி' என்றால் அது விலை. விலையின் வழியாகச் சொல்லப்பட்ட அளவு. 'ரசத்துக்குப் புளி' என்றால் அது பயன். பயனின் வழியாகச் சொல்லப்பட்ட அளவு.

ஆங்கிலம் இவ்விரண்டையும் ஒன்றாக வைப்பதில்லை. முதலாவது 'டூ ருபீஸ் வர்த் ஆஃப் டாமரிண்ட்' ஆகிறது. இரண்டாவது 'டாமரிண்ட் ஃபார் ரசம்' ஆகிறது. அளவுக்கு 'ஆஃப்', பயனுக்கு 'ஃபார்' என்று பொதுவாக வேலையைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். 'எ கப் ஆஃப் டீ' என்றால் ஒரு கோப்பை அளவுள்ள தேநீர்; அது குடிக்கக் கிடைக்கும். 'எ டீ கப்' என்றால் தேநீருக்கென்று அமைந்த கோப்பை. அது காலியாகவும் இருக்கலாம். தமிழில் இதற்கு இடைச்சொல்லே தேவைப்படவில்லை; சொற்கள் இடம் மாறினால் போதும். 'ஒரு கோப்பைத் தேநீர்' என்பது அளவு. 'தேநீர்க் கோப்பை' என்பது தேநீர் பருகுவதற்குரிய கோப்பை. உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று வகுப்பில் சொல்வோம்.

ஏனத்தின் பெயரே அளவின் பெயராவது நமக்குப் புதிதன்று. அளவுப் பெயர்களும் நிறைப் பெயர்களும் எந்தெந்த எழுத்துகளில் தொடங்கும் என்று தொல்காப்பியம் தொகைமரபில் ஒன்பது எழுத்துகளைச் சொல்கிறது. அதற்கு உரையாசிரியர்கள் காட்டும் அளவுப் பெயர்களில் சாடியும் பானையும் அகலும் உண்டு. கோப்பையை அளவாக்கிய ஆங்கிலேயரும் பானையை அளவாக்கிய நம் முன்னோரும் இந்த ஒன்றில் உறவினரே.

சொல் வரிசையைப் பாருங்கள். 'நாலு பேர் சாம்பாருக்குக் கால் கிலோ பருப்பு' என்கிறோம். முதலில் பயன், அடுத்து அளவு, கடைசியில் பொருள். ஆங்கிலத்தில் அளவு முதலில் வரும், பிறகு பொருள், பயன் கடைசியில். இதை வைத்துக்கொண்டு, தேவையை முதலில் நினைப்பவன் தமிழன், கணக்கை முதலில் பார்ப்பவன் ஆங்கிலேயன் என்று மேடையில் முழங்கலாம், கைதட்டலும் கிடைக்கும். இளமையில் நானும் அப்படிப் பேசியவன்தான். உண்மை அவ்வளவு சுவையானதன்று. தமிழில் அடை பெயருக்கு முன்னே வரும். ஆங்கிலத்தில் 'ஆஃப்', 'ஃபார்' போன்றவை தாங்கிய அடைகள் பின்னே வரும். இதில் எவருடைய குணமும் வெளிப்படவில்லை. பயனைக் கொண்டே அளவைச் சொல்லவும் ஆங்கிலத்துக்குத் தெரியும். 'எ மந்த்ஸ் ரைஸ்' என்பதில் கிலோவும் இல்லை, படியும் இல்லை. ஒரு குடும்பமும் முப்பது நாள் பசியும்தான் இருக்கின்றன. 'ஒரு மாதத்து அரிசி' என்று நாமும் அப்படியே சொல்கிறோம்.

இனி அந்த 2001ஆம் ஆண்டுக் கடிதத்துக்கு வருகிறேன். 'லிட்டில்' என்பதற்கும் 'எ லிட்டில்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பள்ளியில் ஐந்து நிமிடத்தில் நடத்தி முடித்தார்கள். முன்னது எதிர்மறைச் சாயல் உடையது, பின்னது உடன்பாட்டுச் சாயல் உடையது என்று மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கினேன். ஆனால் கடிதம் எழுதும்போது, பணம் கொஞ்சந்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, கொஞ்சம் பணம் இருக்கிறது என்று எழுதிவிட்டேன். வேறு வழியே இல்லாதவர்களுக்கு மட்டுமே உதவி என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அந்த ஒற்றை எழுத்தால்தான் உதவி மறுக்கப்பட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆயிரம் காரணங்கள் இருந்திருக்கலாம். ஆனால் முதுகலை படிக்கும்போது ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் அந்தக் கடிதத்தின் நகலைப் படித்துவிட்டு, "பணம் இருக்குன்னுதானே நீயே எழுதியிருக்கே" என்றபோது அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அப்பா தாமே கட்டணத்தைக் கட்டினார். தீபாவளிச் சரக்குக் கொள்முதலுக்கென்று வைத்திருந்த தொகை அது. அந்த ஆண்டுத் தீபாவளிக்கு எங்கள் கடையில் பாதி அலமாரி காலியாக இருந்தது. கடலைமாவும் நெய்யும் கேட்டு வந்தவர்கள் அடுத்த தெருக் கடைக்குப் போனார்கள். சிலர் அதன்பின் திரும்பி வரவேயில்லை. அப்பா இதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. பொட்டலம் மடிக்கும் வேலை எனக்குக் குறைந்திருந்ததை நானே கவனித்தேன்.

இப்போது எண்ணிப் பார்க்கையில் என் வாக்கியம் முழுப் பொய்யும் அன்று. எங்களிடம் பணம் இருந்தது. படிப்புக்குப் பணம் இல்லை. இருந்த பணத்துக்கு ஏற்கெனவே ஒரு 'க்கு' இருந்தது. 'எ லிட்டில் மணி', 'லிட்டில் மணி' என்னும் இரண்டும் ஒரே ஐயாயிரம் ரூபாயைக் குறிக்கலாம் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தத் தொகை எதற்கோ உதவும் என்று கருதினால் 'எ' வருகிறது. உதவாது என்று கருதினால் 'எ' போய்விடுகிறது. தொகையை எண்ணிப் பார்த்து இதைத் தீர்மானிக்க முடியாது. எதற்காக என்று கேட்கவேண்டும். எண்ணக்கூடிய பொருள்களுக்கு வரும் 'ஃபியூ', 'எ ஃபியூ' என்பவையும் இப்படித்தான். எங்கள் ஆசிரியர் சாயல் என்று சொன்னதைப் பயன் என்று சொல்லியிருந்தால், மளிகைக் கடைக்காரன் மகனுக்கு அன்றே புரிந்திருக்கும்.

மாணவனை உட்காரச் சொன்னேன். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டேன். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறாராம். வண்டி கடனில் வாங்கியது. மாதத் தவணை கட்டவேண்டும். "அப்ப அவர்கிட்ட இருக்கிற பணம் எதுக்கு?" என்றேன். "தவணைக்குங்க ஐயா" என்றான். "அதை எழுதியிருக்கியா?" என்றேன். இல்லையென்று தலையசைத்தான்.

'எ' என்ற எழுத்தை அடித்துவிட்டால் இலக்கணம் சரியாகிவிடும். ஆனாலும் நாங்கள் அந்த வாக்கியத்தையே எடுத்துவிட்டு, ஷேர் ஆட்டோ வருமானம் எவ்வளவு, அதில் தவணைக்கு எவ்வளவு, வீட்டுச் செலவுக்கு எவ்வளவு, இந்தப் பருவக் கட்டணத்திற்குக் குறைவது எவ்வளவு என்று நான்கு வரிகள் எழுதினோம். ஒவ்வொரு வரியிலும் தொகையும் 'ஃபார்' என்ற சொல்லும் இருந்தன. ஆங்கிலத்துறை நண்பர் ஒருவரிடம் நானே எடுத்துப்போய்க் காட்டினேன். இரண்டிடத்தில் திருத்திக் கொடுத்தார்.

போகும்போது மாணவன் கேட்டான்: "தமிழ்லயே எழுதியிருந்தா இந்த வம்பு வந்திருக்காதுல்லங்க ஐயா?"

தமிழிலும் 'கொஞ்சம் இருக்கிறது' என்பதற்கும் 'கொஞ்சந்தான் இருக்கிறது' என்பதற்கும் நடுவில் ஒரு 'தான்' நிற்கிறது என்றேன். சற்று யோசித்துவிட்டு, "அது வாயில தானா வந்துடுமே ஐயா" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அறக்கட்டளையிடமிருந்தும் இன்னும் பதில் வரவில்லை.