ஜீப்பும் உஷ்ணக் கணக்கும்

மாசி 14

ஆனையூர்ப் பட்டறையில் இன்று பானெட்டைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, என் மஹிந்திரா எம்.எம்.540 ஜீப்புக்குள் இத்தனை காலம் உழைத்த பெஜோ எஞ்சினைச் சங்கிலிக் கப்பியில் கட்டித் தூக்கினார்கள். எக்ஸ்.டி.பி. 4.90 என்று அதற்குப் பெயர். நான்கு சிலிண்டர்கள், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் குறுக்களவு என்னும் ஜாதகம் அந்தப் பெயரிலேயே அடங்கிவிட்டது. 2112 சி.சி. கொள்ளளவும் 62 குதிரைசக்தியும் உடைய நல்ல யந்திரந்தான். ஆனால் அந்தச் சக்தி முழுவதையும் அதனிடமிருந்து வாங்க வேண்டுமானால் நிமிஷத்துக்கு 4500 சுற்று வரை விரட்ட வேண்டும். சுமையோடு கண்மாய்க் கரை ஏறுகிற வண்டிக்கு அந்த ஓட்டம் சாத்தியமில்லை.

அதன் இடத்தில் வரப்போவது போலேரோவில் வந்த 2523 சி.சி. டிஐ டர்போ எஞ்சின், 63 குதிரைசக்தி. இதைக் கேட்ட நண்பர் ஒருவர், ஒரே ஒரு குதிரைக்காகவா இவ்வளவு பணத்தைக் கொட்டுகிறீர் என்று பரிகாசம் செய்தார். நியாயமான பரிகாசந்தான். ஆனால் முன்னது 4500 சுற்றில் தருவதைப் பின்னது 3200 சுற்றிலேயே தந்துவிடுகிறது என்பதையும், அதே சக்தியைக் குறைந்த சுற்றில் தருகிற யந்திரம் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக இழுத்தாக வேண்டும் என்பதையும் அவருக்கு எடுத்துச் சொன்னேன். அவர் காபி குடித்துவிட்டுப் போனார்.

“எஞ்சின இறக்கி ஏத்துறது ஒரு நாள் வேலை சார். சுத்தியிருக்கிற மத்ததெல்லாம் அதுக்கு ஒத்து வரணும்ல, அதுதான் வேலை” என்றார் மெக்கானிக்.

மாசி 21

காகித விவகாரம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கும் பதிவுச் சான்றில் உள்ளவற்றுக்கும் மாறுபாடு உண்டாகும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. கேரளத்திலிருந்து போன வழக்கு அது. எஞ்சின் மாற்றுவதற்குப் பதிவு அதிகாரியின் அனுமதி வேண்டும். அதே மஹிந்திரா நிறுவனத்து எஞ்சின், அதே டீசல் என்பன எனக்குச் சாதகம். கொள்ளளவு வேறு என்பது பாதகம். பழைய எஞ்சின் எண், புதிய எஞ்சின் எண், வாங்கியதற்கான ரசீது, அந்த எஞ்சின் இருந்த வண்டி கழிக்கப்பட்டதற்கான சான்று எல்லாவற்றையும் சேர்த்து விண்ணப்பம் கொடுத்தாயிற்று. உத்தரவு கையில் வரும்வரை இந்த ஜீப் பொதுச் சாலையில் ஓடாது என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம். கணக்கில் வராத எஞ்சினோடு ஓடுகிற வண்டிக்கு விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனத்தார் என்ன சொல்வார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய ஞானம் வேண்டியதில்லை.

மாசி 28

டர்போவைத் தனியே கழற்றி மேஜைமேல் வைத்து வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே தண்டின் ஒரு முனையில் புகைக்காற்றுச் சக்கரம். மறுமுனையில் சுத்தக்காற்றை அழுத்தும் சக்கரம். சைலன்ஸர் வழியே வீணாகப் போகும் வெப்பவாயு முதலாவதைச் சுழற்ற, அது இரண்டாவதைச் சுழற்ற, சிலிண்டர் தானாக இழுக்கக்கூடியதைவிட அதிகமான காற்று உள்ளே திணிக்கப்படுகிறது. உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சக்கரம் நிமிஷத்துக்கு லட்சம் சுற்றைத் தாண்டும். தண்டு உலோகத்தின்மேல் சுழல்வதில்லை. எஞ்சினிலிருந்து வரும் ஆயிலின் மெல்லிய ஏட்டின்மேல் மிதந்து சுழல்கிறது. ஆகவே தண்டை விரலால் பக்கவாட்டில் அசைத்தால் சற்றே ஆடும், அது குற்றமன்று. முன்னும் பின்னும் தள்ளினால் ஆடக்கூடாது. இதில் ஆடவில்லை, சக்கரத்தின் இறகுகள் எங்கும் உறையில் உரசிய தடமும் இல்லை.

சுவிட்சர்லாந்துக்காரரான ஆல்ஃபிரட் பியூஷி 1905-லேயே இந்த உபாயத்துக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். 1920-களில் கப்பல் எஞ்சின்களில் அது வேலை செய்யத் தொடங்கியது. காருக்குள் டர்போ டீசலாக நுழைவதற்கு, மெர்சிடிஸ் 300 எஸ்.டி. வந்த 1978 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நம் பக்கத்துக்கு இதில் ஒரு சம்பந்தம் உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோல் பஞ்சம் வந்தபோது, மதுரையின் டி.வி.எஸ். நிறுவனத்தார் கரியை எரித்து வாயு உண்டாக்கும் கலங்களைத் தாங்களே செய்து மோட்டார் வண்டிகளில் பொருத்தி ஓட்டினார்கள். பிற்காலத்தில் அந்தக் குடும்பத்தாரின் பிரேக்ஸ் இந்தியா முதலியவை ஜெர்மானியக் கூட்டோடு தொடங்கியதே டர்போ எனர்ஜி என்னும் தொழிற்சாலை. ஓடுகிற வண்டிக்கு வேறொரு மூச்சுக்குழலைப் பொருத்துவது இந்த ஊருக்குப் புதிதன்று என்று நினைத்துக்கொண்டேன்.

பங்குனி 10

கமாண்டர் வண்டிகளிலும் டிஐ எஞ்சின் வந்ததால் பழைய கியர்பாக்ஸோடு சேரும் பெல் ஹவுசிங் கிடைத்துவிட்டது. மவுண்டிங் மட்டும் லேத்துக்குப் போய் வந்தது.

இன்று உட்கார்ந்து போட்ட கணக்கு வேறு. பின் அச்சில் கிரவுனுக்கு 43 பற்கள், பினியனுக்கு 8. டாப் கியரில் எஞ்சின் ஏறக்குறைய 5.38 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. 3200 சுற்றுக்கு மணிக்கு 80 கிலோமீட்டர், அவ்வளவுதான். கிரவுன் பினியனை மாற்றினால் வேகம் கூடும். ஆனால் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியாதலால் முன் அச்சிலும் அதே விகிதத்தை மாற்றியாக வேண்டும், இல்லையேல் இரண்டு அச்சுகளும் ஒன்றோடொன்று மல்லுக்கு நின்று பற்களைத் தின்றுவிடும். மாற்றுவதில்லை என்று தீர்மானித்தேன். நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் உள்ள பழைய ஜீப்புக்கு 80-க்கு மேல் போகும் யோக்கியதை எங்கிருந்து வந்தது?

பங்குனி 25

இன்டர்கூலரை எங்கே வைப்பது என்பதில் பட்டறையில் இரண்டு கட்சி. ஸ்கார்ப்பியோவைப் போல் பானெட்டில் காற்று வாய் திறந்து எஞ்சின்மேல் வைக்கலாம் என்பது இளைஞர் கட்சி. குழாய் நீளம் குறையும், பார்வைக்கும் மிடுக்கு. ரேடியேட்டருக்கு முன்னால் வைக்க வேண்டும் என்பது மெக்கானிக்கின் அபிப்பிராயம்.

காற்றை அழுத்தினால் அது சூடாகும் என்பதுதான் விவகாரத்தின் மூலம். 40 டிகிரியில் உள்ளே போகும் நம் ஊர்க் கோடைக் காற்று, வெளிக்காற்றைப்போல் 1.7 மடங்கு அழுத்தம் பெற்று டர்போவை விட்டு வெளிவரும்போது 100 டிகிரியை எளிதாகத் தாண்டிவிடும். சூடான காற்று விரிந்து மெலிந்திருக்கும்; ஆகவே அழுத்தியதால் வந்த லாபத்தில் ஒரு பகுதி அங்கேயே கரைகிறது. 120-லிருந்து 60 டிகிரிக்கு இறக்கினால் அதே கொள்ளளவுக்குள் ஆறில் ஒரு பங்குக்கு மேல் காற்று கூடுதலாக அடங்குகிறது, புகையும் குறைகிறது. ஆனால் இன்டர்கூலர் தன்மீது வெளிக்காற்று பாய்ந்தாலொழிய எதையும் குளிர்விப்பதில்லை. வரப்பில் நடை வேகத்தில் போகும் வண்டியில் பானெட்டின் வாய்க்குள் காற்று எப்படிப் பாயும்? கீழேயிருந்து எஞ்சினின் அனலல்லவா மேலே ஏறும்! முன்னால் வைத்தால் எஞ்சினின் விசிறியாவது இழுத்துக் கொடுக்கும். ஆயினும் இன்டர்கூலரைக் கடந்து சூடான காற்றே ரேடியேட்டருக்குப் போவதால், ரேடியேட்டரை மூன்று வரிசைக் குழாயுள்ளதாக மாற்றி, விசிறியைச் சுற்றித் தகடு அடித்து, இழுக்கும் காற்று ஓரங்களில் நழுவாமல் செய்ய வேண்டும். மெக்கானிக் கட்சி வென்றது.

சித்திரை 6

முதல் ஸ்டார்ட். டீசல் வரத்தை நிறுத்திவைத்து, ஆயில் விளக்கு அணையும்வரை வெறுமனே செல்ஃப் அடித்தார்கள். டர்போ தண்டுக்கு ஆயில் போய்ச் சேராமல் எஞ்சினை எழுப்பக்கூடாது. பிறகு டீசலைத் திறந்ததும் பிடித்துக்கொண்டது. அமர்ந்த, கனத்த சத்தம். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் மட்டும் கரும்புகை. பம்பைக் குறைக்கலாம் என்றான் ஒரு பையன். மெக்கானிக் பதில் சொல்லாமல் டார்ச்சை எடுத்து இன்டர்கூலர் ஹோஸ்களை ஒவ்வொன்றாகத் தடவி, ஒரு கிளாம்ப்பின் அடியில் ஈரமாகப் படிந்திருந்த ஆயில் பிசுக்கைக் காட்டினார். காற்று அங்கே கசிந்தது. டீசலுக்கு ஈடான காற்று இல்லாததால் புகை. கிளாம்ப்பை மாற்றியதும் புகை தெளிந்தது.

சித்திரைத் திருவிழாவுக்குப் பையன்கள் போய்விடுவார்களாதலால் பட்டறைக்கு விடுமுறை.

சித்திரை 27

உத்தரவு இன்னும் வரவில்லை. ஜீப்பை மினி லாரியில் ஏற்றி அழகர்மலை அடிவாரத்துத் தோப்புக்குக் கொண்டுபோனோம். ஜீப்பையே லாரியில் ஏற்றுகிற காட்சியைக் கண்டு டீக்கடையில் சிரித்தார்கள். தேங்காய் ஏற்றிய டிரெய்லரை மாட்டி, உச்சி வெயிலில், தோப்பின் மேட்டுப் பாதையில் லோ கியரில் ஏற்றினேன். முன்பு இந்த மேட்டில் பாதி வழியில் கியர் இறக்கி எஞ்சினை அலறவிட்டாக வேண்டும்; இன்று ஆக்ஸிலரேட்டரில் கால் வைத்ததே தெரியாமல் ஏறிற்று. திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கியதில் உஷ்ணமானி முள் பாதியைத் தாண்டி ஒரு கோடு ஏறி அங்கேயே நின்றது. இறங்கி இன்டர்கூலரின் இரு முனைக் குழாய்களையும் தொட்டுப் பார்த்தேன்: டர்போ பக்கத்துக் குழாயில் கை வைக்க முடியவில்லை, எஞ்சின் பக்கத்துக் குழாயில் கையை வைத்துக்கொண்டே பேச முடிந்தது. டர்போ ஆறுவதற்காக ஒரு நிமிஷம் ஐடிலில் விட்டு அணைத்தேன்.

இறக்கத்தில் மட்டும் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ள, பெடல் ஆழமாகப் போயிற்று. வைகாசியில் நான்கு டிரம்களையும் கழற்றி லைனிங் மாற்ற வேண்டும். மாஸ்டர் சிலிண்டரையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.