கோவைக்கு முந்திய போத்தனூர்

கோவைக்காரரிடம் போத்தனூர் எங்கே என்று கேட்டால், "உக்கடம் தாண்டிப் போங்க" என்று கை காட்டுவார். ஊரின் ஓரத்தில் ஏதோ ஒரு பேட்டை என்கிற தொனி அதில் இருக்கும். 1862-இல் நிலைமை தலைகீழ். ரயிலைப் பிடிக்க வேண்டுமென்றால் கோயம்புத்தூர்தான் வண்டி கட்டிக்கொண்டு போத்தனூருக்கு வர வேண்டும்.

சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையின் பேப்பூருக்குத் தண்டவாளம் போட்ட மெட்ராஸ் ரயில்வே கம்பெனிக்குக் குறியெல்லாம் பாலக்காட்டுக் கணவாய்தான். மேற்குத் தொடர்ச்சி மலை ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விட்டுக்கொடுத்த வாசல் அது. ஈரோட்டிலிருந்து வந்த பாதை அதை நோக்கி நேராகப் போனது. நொய்யலுக்கு வடக்கே இருந்த கோவைக்காக வளைந்து கொடுக்கவில்லை. பஞ்சாலைகள் வராத காலத்துக் கோவைக்காக எந்தக் கம்பெனி வளையும்?

1873-இல் போத்தனூரிலிருந்து கோவை வழியாக மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப் பாதை போட்டார்கள். அதற்கு அவசரம் ஊட்டி. வெயிலுக்குப் பயந்து மலையேறும் துரைமார்களின் வண்டி போத்தனூருக்கு வந்ததும் என்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்டியாக வேண்டும். அதுவரை பயணிகள் காத்திருப்பார்கள். காத்திருப்பவர்களை வைத்துப் பிழைப்பதுதானே எந்த ஜங்ஷனுக்கும் முதல் தொழில்! 1915-இல் பொள்ளாச்சிக்கு மீட்டர் கேஜ் பாதை வந்தபோது வேலை இன்னும் கூடியது. அகலப் பாதைச் சரக்கு மீட்டர் கேஜில் போக வேண்டுமானால், மூட்டை மூட்டையாக இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும்.

டிரைவர்களும் கார்டுகளுமாக ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் குடியேறின. ரயில்வே காலனியும் தேவாலயமும் எழுந்தன. ஊரே டூட்டி நேரத்தைப் பார்த்துத் தூங்கி எழுந்தது.

அதே நிலையத்தில்தான் 1921 நவம்பரில் ஒரு சரக்கு வேகனின் கதவைத் திறந்தார்கள். மலபார் கிளர்ச்சியில் பிடிபட்ட சுமார் 100 பேரைத் திரூரில் அதற்குள் அடைத்திருந்தார்கள். போக வேண்டிய இடம் பெல்லாரிச் சிறை. காற்றுக்கு வழியில்லாத வேகனுக்குள் பெரும்பாலோர் மூச்சுத் திணறி இறந்துகிடந்தார்கள். பின்னர் இறந்தவர்களையும் சேர்த்தால் 70 பேர். திரூரில் அவர்கள் நினைவாக நகர மண்டபம் இருக்கிறது. கோவைப் பக்கத்தில் இந்தச் செய்தியைச் சொன்னால், "நம்ம போத்தனூரா?" என்று கேட்பவர்கள்தான் அதிகம்.

போத்தனூரில் இருந்த ரயில்வே கோட்டத் தலைமையகம் 1956-இல் ஒலவக்கோட்டுக்குப் போனது. அது போத்தனூருக்கு விழுந்த பெரிய அடி. கோவைக்கு இருகூரிலிருந்து நேர்ப்பாதை வந்த பிறகு என்ஜின் மாற்றும் வேலையும் குறைந்தது. 2007-இல் சேலம் கோட்டம் பிறந்தபோது போத்தனூரையும் அதில் சேர்த்தார்கள். தலைமையகம் திரும்பி வரவில்லை.

ஆனாலும் இங்கே ஒரு தொழில் நின்றுவிடவில்லை. சிக்னல், தொலைத்தொடர்புப் பணிமனையில் ரிலே செய்கிறார்கள். கைக்கு அடக்கமான பெட்டி. உள்ளே ஒரு கம்பிச் சுருள், அசையும் இரும்புத் துண்டு, சில தொடுமுனைகள். மின்சாரம் இருக்கும்வரை இரும்பு மேலே ஒட்டியிருக்கும். மின்சாரம் அறுந்தால் தன் எடையிலேயே விழுந்து சிவப்பு விளக்கை எரியவிடும். கோளாறு வந்தால் வண்டி நிற்க வேண்டும், ஓடக் கூடாது என்கிற கணக்கு அது. ரயிலில் போகிறவர்கள் கண்ணுக்கு இந்த வேலை எதுவும் படாது.

இப்போது கோவை நிலையத்தில் நடைமேடை போதவில்லை. போத்தனூரை இரண்டாவது முனையமாக்கச் சொல்லிக் கோரிக்கை வைப்பவர்கள் கோவைக்காரர்கள்தான். போத்தனூரில் இறங்கியவர் வெளியே வந்ததும் ஆட்டோக்காரரிடம் கேட்பதும், "காந்திபுரத்துக்கு எவ்வளவுங்க?" என்றுதான்.