இடையர் ஆடிய கிறிஸ்துமஸ்

அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில் ஆன்ஸன் என்றொரு சிற்றூர் உண்டு. 1885-ம் ஆண்டில் அதைச் சுற்றிலும் புல்வெளிகளும் மாட்டுப் பண்ணைகளுமே. மந்தைகளோடு குதிரையில் திரிந்து, பெண்முகம் காண்பதே அரிதாயிருந்த இடையர்களுக்காக அவ்வூர் ஸ்டார் ஹோட்டலில் கிறிஸ்துமஸ் நடனம் ஒன்று நடந்தது. எத்தனை காதல் அன்றிரவு அரும்பிற்றோ, யார் கணக்கு வைத்தார்கள்! நல்லவேளையாக லாரி சிட்டெண்டன் என்ற பண்ணைக்காரர் அங்கிருந்தார், அவர் கவிஞருங்கூட. அவர் பாடல் 1890-ல் அச்சேறியது. அதே ஆண்டு ஹோட்டல் தீக்கிரையாயிற்று, பாடல் பிழைத்தது.

பிறகு நேர்ந்ததுதான் வேடிக்கை. 1933-ல் அவ்வூரார் பொது நடனத்தையே சட்டமிட்டுத் தடுத்தனர். மறு ஆண்டே லெனோரா பாரெட் என்னும் ஆசிரியை, முன்னோர் ஆடிய ஆட்டங்கள் மறைந்துவிடலாகாதென்று, பழைய நடனத்தை முறை பிசகாமல் மீட்டார். உபாத்தியாயர் இனத்தவரான நமக்கு இதில் சற்றுப் பெருமை உண்டு! 1987 வரை நீடித்த அச்சட்டமும் இந்நடனத்துக்கு மட்டும் வழிவிட்டது.

இன்றும் கிறிஸ்துமஸை ஒட்டி மூன்று இரவுகள் அங்கே பிடில் ஒலிக்கிறது. ஆடவர் தொப்பியைக் கழற்றிவிட்டே ஆடுகளத்தில் இறங்கவேண்டும். பெண்டிருக்குப் பாவாடை கட்டாயம். புதுமணத் தம்பதிகள் கைகோத்து முன்னே நடக்க, ஊரே ஜோடி ஜோடியாக அவர்கள் பின்னே செல்கிறது.